வைத்த குழம்பு சரியாக வரவில்லையா? கொட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதல் வேலை, அடுப்பை அணைப்பது.

குழம்பில் ஏதோ சரியில்லை என்று நாக்குக்குத் தெரிந்ததுமே கை தானாகத் தூள் டப்பாவுக்குப் போகும். அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் உப்பு, இன்னும் கொஞ்சம் புளி என்று மாறி மாறிப் போட்டதில், கால் மணி நேரத்துக்குள் எதனால் கெட்டது என்றே கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். நான் பார்த்தவரை, வீடுகளில் கொட்டப்படுகிற குழம்புகளில் பாதிக்கு மேல் திருத்தப் போன அவசரத்தில்தான் கெட்டிருக்கின்றன. முதலில் நடந்த தவறு பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும்.

வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், தனிக்குடித்தனம் வந்தவர்கள், இப்போதுதான் அடுப்படிக்குள் நுழைந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புளிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன் குழம்பு, மோர்க்குழம்பு என்று நம் வீடுகளில் வழக்கமாக வைக்கிற குழம்புகளை மனதில் வைத்தே சொல்கிறேன்.

சோற்றோடு ருசி பாருங்கள்

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். மிளகாயின் எரிச்சலையும் சூட்டையும் நாக்கு ஒரே உணர்வாகத்தான் எடுத்துக்கொள்கிறது. கொதிக்கிற குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டுக் காரம் கூடிப்போச்சு என்று முடிவு கட்டினால் அது தப்பாகப் போகும்.

சூடு தணிந்ததும் ஒரு கைப்பிடி சோற்றில் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள். நம் வீடுகளில் சோற்றை உப்புப் போடாமல்தான் வடிக்கிறோம். அதனால் குழம்பை மட்டும் நக்கிப் பார்க்கும்போது உப்பும் புளிப்பும் சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் சோற்றோடு சேரும்போது சரியாக நிற்கும். உப்புக் கரிக்குதே என்று பயந்த குழம்பு, சோற்றில் விழுந்ததும் அமைந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இட்லிக்கோ தோசைக்கோ என்றால் கணக்கு வேறு. மாவிலேயே உப்பு இருக்கிறது. எதோடு சாப்பிடப் போகிறீர்களோ அதோடு சேர்த்துத்தான் ருசி பார்க்க வேண்டும்.

குறை என்னவென்று தெரிந்த பிறகும் சட்டியில் கை வைக்காதீர்கள். இரண்டு கரண்டி குழம்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுங்கள். வெல்லம் போட்டால் சரியாகுமா, தேங்காய்ப்பால் விட்டால் சரியாகுமா என்று அந்தக் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். ருசி சரிவந்தால் அதே அளவில் சட்டிக்குச் சேருங்கள். சரிவராவிட்டால் நட்டம் இரண்டு கரண்டியோடு போகும்.

ஒன்றுக்கு மேல் குறை இருந்தால் வரிசை முக்கியம். முதலில் பச்சை வாசனை, பிறகு கெட்டி, பிறகு புளிப்பும் காரமும், எல்லாவற்றுக்கும் கடைசியில் உப்பு. பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றும். தண்ணீர் வற்றினால் உப்பும் காரமும் தானாக ஏறும். உப்பை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு வற்றவிட்டவர்கள் சாப்பிடும்போது வருத்தப்பட வேண்டியிருக்கும்.

பச்சை வாசனை

புதிதாகச் சமைப்பவர்கள் வைக்கும் குழம்பில் நூற்றுக்குத் தொண்ணூறு முறை இதுதான் குறை என்பேன். ஆனால் யாரும் இந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "ஏதோ ஒண்ணு குறையுது" என்றுதான் சொல்வார்கள்.

அக்கா மகன் வேலைக்குப் போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "சித்தி, கோழிக்குழம்பு வச்சேன். நீ சொன்னது எல்லாமே போட்டாச்சு. ஆனா நம்ம வீட்டுக் குழம்பு மாதிரி இல்ல. பொடி வாசனை அடிக்குது. இன்னும் ரெண்டு ஸ்பூன் மசாலா போடட்டுமா?"

"ஒண்ணும் போடாத. படம் எடுத்து அனுப்பு."

படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வெளிறின சிவப்பு. தக்காளித் தோல் சுருண்டு தனியாக மிதக்கிறது. வெங்காயம் வெள்ளையாகத் தெரிகிறது. மேலே ஒரு சொட்டு எண்ணெய்கூட நிற்கவில்லை.

"கறியத் தனியா ஒரு தட்டுல எடுத்து வையி. சாற மட்டும் மறுபடி அடுப்புல ஏத்து. மூடி போடாத."

நீங்களும் இதையே செய்யுங்கள். பிராய்லர் கோழி இருபது நிமிடத்தில் வெந்துவிடும். சாறு வற்றும் வரை அதையும் உள்ளே போட்டு வைத்தால் நார் நாராகப் போய்விடும். சாறு மிதமான தீயில் கொதிக்கட்டும். தொடக்கத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் சளசளவென்று சத்தம் வரும். குமிழ் சின்னதாக எழுந்து உடனே உடையும். பத்து, பதினைந்து நிமிடத்தில் அந்தச் சத்தம் தணியும். குமிழ் பெரிதாகி, எழும்பி நின்று, மெல்ல உடையும். நிறம் அடர்ந்து வரும். சட்டியின் ஓரத்தைக் கவனியுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் எண்ணெய் மெல்லிய வளையமாக ஒதுங்கும். எண்ணெய் பிரிந்து வருது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வெங்காயத்திலும் தக்காளியிலும் இருந்த தண்ணீர் போய்விட்டது, தூள் வெந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

கால் மணி நேரம் கொதித்தும் சப்பென்றே இருந்தால், வெங்காயம் சிவக்க வதங்கவில்லை என்று பொருள். இதைக் கொதிக்க வைத்துச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் இருக்கும்வரை குழம்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, வெங்காயம் சிவக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும். அதனால் தனியாக ஒரு வாணலியை வைத்து இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஏழெட்டுச் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்குங்கள். அதிலேயே இரண்டு கரண்டி குழம்பை ஊற்றி, சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிளறி, அதை அப்படியே சட்டியில் திருப்பி ஊற்றிக் கலக்கி ஒரு கொதி விடுங்கள். கெட்டுப்போச்சு என்று நினைத்த எத்தனையோ குழம்பை இந்த ஒரு வேலை மீட்டுத் தந்திருக்கிறது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஆச்சி. அவர் தூள் சேர்த்துத் திருத்தி நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு அவன் அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டான். மசாலா டப்பாவைத் திறக்கவே இல்லையாம்.

தண்ணியாக இருந்தால், கெட்டியாகிவிட்டால்

தண்ணியாக இருக்கிற குழம்பை மூடியைத் திறந்து வைத்து வற்றவிடுவதே நல்ல வழி. காய் போட்ட குழம்பென்றால் வெந்த கத்தரிக்காய் இரண்டு துண்டை அகப்பையால் சட்டி ஓரத்தில் வைத்து மசித்துவிட்டாலே சேர்ந்துகொள்ளும். அவசரமென்றால் ஒரு டீஸ்பூன் அரிசி மாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற குழம்பில் கிளறிக்கொண்டே ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விடுங்கள். மாவை நேராகத் தூவினால் மேல்மாவு உடனே வெந்து உள்மாவை மூடிக்கொள்ளும், பிறகு கட்டி கட்டியாகத்தான் நிற்கும். கோழி, முட்டைக் குழம்புக்கு இரண்டு ஸ்பூன் தேங்காயோடு ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்து அரைத்து விட்டால் கெட்டியோடு ருசியும் கூடும். எந்தக் குழம்பும் ஆறினால் இன்னும் இறுகும். கொஞ்சம் தளர இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெட்டியாகிவிட்டதற்கு வெந்நீர் போதும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

புளிப்பு தூக்கலாகிவிட்டால்

எலுமிச்சை அளவு புளி என்று எழுதியிருப்பார்கள். எந்த எலுமிச்சை, எந்தப் புளி என்பதில்தான் சிக்கல் வரும். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளிக்கும் ஒரு வருடம் இருந்து கறுத்த பழம்புளிக்கும் நிறமும் ருசியும் வேறு. ஒரு வீட்டில் சரியாக வந்த அளவு இன்னொரு வீட்டில் கூடிப்போவது இயல்பு.

கொதிக்கவிட்டால் புளிப்பு குறையும் என்று நினைக்காதீர்கள். கொதியில் போவது புளியின் பச்சை வாசனை மட்டும். புளிப்பு ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் ஏறும். கொஞ்சமாகக் கூடியிருந்தால் ஒரு டீஸ்பூன் பொடித்த வெல்லம் போதும். இனிப்பு தெரியக் கூடாது, புளிப்பின் கூர்மை மழுங்கினால் சரி. நிறையக் கூடியிருந்தால் வேகவைத்து மசித்த துவரம்பருப்பு அரைக் கரண்டி சேருங்கள். புளிக்குழம்பு சாம்பார் பக்கமாகச் சாயும்தான், ஆனால் நன்றாக இருக்கும். பருப்பு வேண்டாமென்றால் அரைத்த தேங்காய், அல்லது தனியாக வேகவைத்த மஞ்சள் பூசணித் துண்டுகள்.

ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடச் சொல்பவர்கள் உண்டு. அது புளிப்பை முறிக்கும் என்பது உண்மை. ஆனால் குழம்பு பொங்கி நுரைத்து, பின்னால் ஒரு சோப்புச் சுவை நிற்கும். நான் போட மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

புளிக்குழம்பில் அரைகுறையாக வெந்த உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் எவ்வளவு கொதித்தாலும் வேகாமல் விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பு காயை மெத்தென்று ஆகவிடாது. அந்தத் துண்டுகளை அரித்து எடுத்து, வெறும் தண்ணீரில் தனியாக வேகவைத்துத் திரும்பப் போடுங்கள். அடுத்த முறை காயை எண்ணெயில் முக்கால் பதம் வதக்கிய பிறகே புளிக்கரைசலை ஊற்றுங்கள்.

காரம்

முதலில் கரண்டியை விட்டுத் தேடி, முழுப் பச்சை மிளகாய், வற்றல் மிளகாய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உள்ளே கிடந்தால் காரம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் தண்ணீர் ஊற்றுவதைவிடக் கொழுப்புள்ள பொருளைச் சேர்ப்பதே பலன் தரும். கோழி, ஆட்டுக்கறி, காய்கறிக் குழம்புகளுக்கு அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், அல்லது தேங்காயோடு ஊறவைத்த முந்திரி ஐந்தாறு சேர்த்து அரைத்த விழுது. தேங்காய்ப்பாலை அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான் விட வேண்டும். காரக்குழம்புக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சிறுதுண்டு வெல்லமும் போதும். புளி உள்ள குழம்பில் பசும்பாலையோ தயிரையோ ஊற்றிவிடாதீர்கள், உடனே திரிந்துவிடும். அப்படியும் காரம் மிச்சமிருந்தால் இலையில் சரிசெய்யலாம். சோற்றில் ஒரு ஸ்பூன் நெய், பக்கத்தில் பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், கடைசியில் தயிர்.

மிளகாய்த்தூளைப் புதிதாக வாங்கினால் முதல் முறை பாதி அளவே போடுங்கள். நிறத்துக்குப் போடுகிற காஷ்மீர் மிளகாய்த்தூளும் குண்டூர் மிளகாயில் அரைத்த தூளும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், காரத்தில் பெரிய வித்தியாசம்.

உப்பு

உப்பு கூடிவிட்டது என்றதும் "ஒரு உருளைக்கிழங்க வெட்டிப் போடு, உப்ப இழுத்துரும்" என்பார்கள். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுப்பதில்லை. உப்புச் சாற்றை அப்படியே குடிக்கிறது. மிச்சமிருக்கிற சாற்றில் உப்பு முன்பு இருந்த விகிதத்திலேயே இருக்கும். கோதுமை மாவு உருண்டை, சோற்று உருண்டை எல்லாமே இந்தக் கதைதான். உருளைக்கிழங்கைச் சேர்த்துச் சாப்பிடும்போது வாய்க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதைத் தவிர வேறு மாயமில்லை.

உப்புக்கு ஒரே மருந்து, உப்பில்லாததைச் சேர்ப்பது. எப்படிச் சேர்ப்பது என்பதுதான் விஷயம். ஒரு லிட்டர் குழம்பில் உப்பு இரண்டு மடங்கு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றினால் உப்போடு மற்ற ருசியும் கரைந்து ஓடும். அதற்குப் பதிலாக, பாதிக் குழம்பைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு வெங்காயம், இரண்டு தக்காளியை உப்பில்லாமல் நன்றாக வதக்கி, அளவாக மல்லித்தூள், மிளகாய்த்தூள் போட்டு, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து அரை லிட்டர் சாறு தயார் செய்யுங்கள். அதை மீதிப் பாதியோடு கலந்தால் உப்பு சரிபாதியாகிவிடும், ருசியும் குறையாது. கொஞ்சமாகக் கூடியிருந்தால் இவ்வளவு வேண்டாம். தேங்காய் விழுதோ, மசித்த பருப்போ, உப்பில்லாமல் அவித்த காயோ போதும்.

கல்லுப்புக்குப் பழகிய அளவில் தூளுப்பைப் போடுவதால்தான் பல வீடுகளில் உப்பு கூடுகிறது. கல்லுப்புக்கு இடையே இடைவெளி இருக்கும். அதே கரண்டியில் தூளுப்பு நெருக்கமாக உட்காரும், எடை அதிகம்.

கசப்பும் அடிப்பிடித்ததும்

இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கருகின கசப்பை எடுக்க வழி கிடையாது. தாளிக்கும்போது வெந்தயம் கறுத்துவிட்டால், பூண்டு கருகிவிட்டால், எண்ணெயில் போட்ட மிளகாய்த்தூள் ஒரு நொடியில் கறுத்துத் தும்மல் வந்தால், அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு வாணலியைத் துடைத்து முதலிலிருந்து தாளியுங்கள். போவது மூன்று ஸ்பூன் எண்ணெய்தான். பரவாயில்லை என்று அதிலேயே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டால் ஒரு சட்டிக் குழம்பும் போகும். வெந்தயம் லேசாகக் கூடிய கசப்பென்றால் வெல்லமும் தேங்காயும் ஓரளவு மறைக்கும். மஞ்சள்தூள் கூடியிருந்தால் இன்னும் கொஞ்சம் தக்காளி வதக்கிச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள்.

அடிப்பிடித்த வாசனை வந்ததும் கிளறத் தோன்றும். கிளறாதீர்கள். அடியில் இருக்கிற கருகல் அடியிலேயே இருக்கட்டும். அடுப்பை அணைத்து, சட்டியை அசைக்காமல், இன்னொரு பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலாக மொண்டு மொண்டு மாற்றுங்கள். சாய்த்து ஊற்றினால் கடைசியில் அடிக்கருகலும் சேர்ந்து விழும். அடியில் ஒரு விரல்கடை அளவுக்கு விட்டுவிடுங்கள், அதை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். மாற்றியதை மூடாமல் பத்து நிமிடம் வைத்திருந்து ருசி பாருங்கள். காந்தல் வாசனை இல்லையென்றால் கறிவேப்பிலை, தட்டிய பூண்டு போட்டுப் புதிதாகத் தாளித்துக் கொட்டிப் பரிமாறலாம். சாறு முழுவதிலும் ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

திரிந்துபோனால்

மோர்க்குழம்பும் தேங்காய்ப்பால் குழம்பும் கொதிக்கக் கூடாதவை. நுரை கூடி ஓரத்தில் எழும்பி வரும்போதே இறக்க வேண்டும். மோர்க்குழம்பு திரிந்துவிட்டால், ஆறவைத்து, காயை எடுத்துவிட்டு, சாற்றை ஒரு ஸ்பூன் அரிசி மாவோடு மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டி, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். பழைய வழவழப்பு முழுதாகத் திரும்பாது, சாப்பிட நன்றாக இருக்கும். ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் சேர்த்து அரைத்துக் கலக்குவது இந்தத் திரிதலைத் தடுக்கத்தான். ருசிக்காக என்று நினைத்து அதை விட்டுவிடுகிறார்கள்.

மீன் குழம்பு

மீனைப் போட்ட பிறகு திருத்துவது கஷ்டம் என்பதால், போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். குழம்பு வற்றி எண்ணெய் மிதந்து, உப்பு, புளி, காரம் மூன்றும் சரியென்று தெரிந்த பிறகு மீன். அது வேகப் பத்து நிமிடமே அதிகம். போட்டுவிட்ட பிறகு குறை தெரிந்தால், தட்டையான கரண்டியால் துண்டு துண்டாகத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் திருத்துங்கள், பிறகு மீனைத் திரும்ப இறக்குங்கள். உள்ளே இருக்கும்போது கரண்டி விடாமல் சட்டியின் இரு காதையும் பிடித்துச் சுழற்றிவிட்டால் மீன் உடையாது. மற்றபடி மீன் குழம்பு வைத்த உடனே ருசி எடுபடவில்லை என்றால் கவலை வேண்டாம், இரண்டு மணி நேரம் ஊறட்டும்.

ஒன்றும் தப்பில்லை, ஆனால் எடுபடவில்லை

இப்படியும் சில நாள் இருக்கும். கிண்ணத்தில் எடுத்து முதலில் இரண்டு கல் உப்புப் போட்டுப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். இல்லையென்றால் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு. அதுவும் இல்லையென்றால் மிளகு, மல்லி, சீரகம் அரை ஸ்பூன் வீதம் வெறும் வாணலியில் வாசனை வர வறுத்து இடித்துப் போட்டு, நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடி ஐந்து நிமிடம் வையுங்கள்.

திருத்தவே கூடாத ஒன்று உண்டு. ராத்திரி வெளியில் இருந்து ஊசிப்போன குழம்பு. நுரைத்திருந்தாலோ, பிசுபிசுவென்று இழுத்தாலோ, வாசனை மாறியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். சுடவைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதியிலும் அழியாது. தேங்காய் அரைத்த குழம்பும் கறிக்குழம்பும் சீக்கிரம் கெடும். சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

உப்பு கூடியது என்று பாதி எடுத்து வைத்தோமே, அதையும் அப்படி வைத்துவிடுங்கள். மறுநாள் அதில் அரைத்த தேங்காயும் ஒரு டம்ளர் தண்ணீரும் விட்டு நன்றாகக் கொதித்ததும், உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு இறக்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயிற்று.